பிசிஆரில் பாசிட்டிவ், கல்ச்சரில் நெகட்டிவ்: எதை நம்புவது?

கேள்வி: தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு பிளான்ட்டில் இரண்டு வருடமாக க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) டெக்னாலஜிஸ்ட்டாக இருக்கிறேன். போன மாதம் தோலுரித்து உறைய வைத்த வனாமி இறால் லாட் ஒன்றின் சாம்பிளை இரண்டு வெளி லேப்களுக்கு அனுப்பினோம். ஒரு லேப்பின் பிசிஆர் ரிப்போர்ட்டில் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் பாசிட்டிவ். இன்னொரு லேப்பின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘25 கிராமில் இல்லை’. முதலாளி நேராக, தோலுரிக்கும் பீலிங் ஹாலுக்குப் போய், கை சுத்தமில்லை என்று பெண்களைச் சத்தம் போட்டுவிட்டார். பண்ணைக்காரரோ, ‘என் இறாலுக்கு விப்ரியோ பிசிஆர் நெகட்டிவ் சர்டிபிகேட் இருக்கிறது’ என்கிறார். இதற்கு நடுவில் கிட் விற்க வந்தவர், இரண்டு மணி நேரத்தில் ரிசல்ட், இனி கல்ச்சரே தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எதை நம்புவது மேடம்? மெஷின் வாங்கச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் அந்தப் பீலிங் ஹால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியது அதுதான். விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் கடலிலும் கழிமுகத்திலும் வாழும், மனிதன் வயிற்றைக் கெடுக்கக்கூடிய பாக்டீரியா. உப்பு இல்லாமல் அதனால் வளர முடியாது. இறாலோடு, சிப்பியோடு, நண்டோடு அது இயல்பாகவே இருக்கிறது. தோலுரிக்கும் அக்காக்களின் கையிலிருந்து வருவது அல்ல. கையிலிருந்து வருவது என்றால் ஸ்டஃபைலோகாக்கஸைச் சொல்லலாம், ஈ.கோலையைச் சொல்லலாம். விப்ரியோ எண்ணிக்கை ஏறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஐஸ் பதிவேட்டை. குளத்திலிருந்து பிடித்த நேரம், லாரி வந்து சேர்ந்த நேரம், டேபிளில் கொட்டிய பிறகு எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது, இதெல்லாம் அதில் இருக்கும். சூடும் உப்பும் வாகாக அமைந்தால் இந்தக் கிருமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரண்டாகப் பிரியும். இருபது நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். கை கழுவி இதை நிறுத்த முடியாது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். இரண்டு லேப்களில் ஒன்று தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் சரியாகவே வேலை செய்திருந்தாலும் இப்படி வரும். இரண்டு சோதனைகளும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன என்பதுதான் காரணம்.

கல்ச்சர் கேட்பது, ‘இங்கே உயிரோடு யாராவது இருக்கிறீர்களா, இருந்தால் வளர்ந்து காட்டுங்கள்’ என்று. கார உப்புப் பெப்டோன் தண்ணீரில் இறாலைப் போட்டுக் கிருமியை ஊட்டி வளர்த்து, டிசிபிஎஸ் என்ற, விப்ரியோவுக்கான மீடியா ஊற்றிய பிளேட்டில் கீறி, மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறக்கிறோம். கரும்பச்சை மீடியா சில இடங்களில் மஞ்சளாக மாறியிருக்கும். அங்கே மீடியாவில் உள்ள சர்க்கரையைப் புளிக்க வைக்கும் கூட்டம் இருக்கிறது, காலராக் கிருமியும் அதில் சேர்த்தி. பாராஹீமோலிட்டிக்கஸ் அந்தச் சர்க்கரையைத் தொடாது. அதன் காலனி (கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) நீலம் கலந்த பச்சையாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக நிற்கும். ஆனால் பச்சையாக நிற்பதெல்லாம் அது இல்லை. வல்னிஃபிக்கஸ் என்ற இன்னொரு விப்ரியோவும் பெரும்பாலும் பச்சைதான், ஆபத்தில்லாத வேறு சில விப்ரியோக்களும் பச்சைதான். அதனால் காலனியை எடுத்து, சுத்தப்படுத்தி, உயிர்வேதிச் சோதனைகள் செய்து பெயர் சொல்ல நான்கைந்து நாளாகிறது.

பிசிஆர் கேட்கும் கேள்வியே வேறு: ‘இந்தக் கிருமியின் டிஎன்ஏவில் நான் சொல்லும் துண்டு இங்கே இருக்கிறதா?’ பாராஹீமோலிட்டிக்கஸின் மரபணுத் தொகுதி சுமார் 51 லட்சம் எழுத்துகள் கொண்டது. அதில் அதற்கு மட்டுமே உரிய ஒரு சின்னப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதன் இரண்டு முனைகளிலும் ஒட்டிக்கொள்ளும்படி இருபது எழுத்து நீளமுள்ள இரண்டு பிரைமர்களைச் செய்கிறோம். 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரியும். 60 டிகிரி அளவுக்கு இறக்கினால் பிரைமர் ஒட்டும். 72 டிகிரியில் என்சைம் புது இழையைக் கட்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு. முப்பது சுற்றில் ஒரு துண்டு 107 கோடி துண்டுகளாகிறது. அமெரிக்க வேதியியலாளர் கேரி முல்லிஸுக்கு 1983-ல் தோன்றிய யோசனை இது, அதற்காக 1993-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி சூட்டைத் தாங்கும் அந்த என்சைம் கிடைத்தது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து. எத்தனை வருடம் ஆனாலும் மெஷினை ஆன் செய்யும்போது எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இதில் சிக்கல் எங்கே? கிருமி செத்த பிறகும் டிஎன்ஏ அங்கேயே கிடக்கும். ஆள் காலமான பிறகும் வாசலில் பெயர்ப்பலகை தொங்குவது மாதிரி. பிசிஆர் பெயர்ப்பலகையைத்தான் படிக்கிறது, கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் லாட் உறைய வைத்தது. பாராஹீமோலிட்டிக்கஸுக்குக் குளிர் ஆகாது. உறைய வைக்கும்போது கணிசமாகச் செத்துப்போகும், ஆனால் முழுவதும் சாகும் என்று சொல்ல முடியாது. செத்தவற்றின் டிஎன்ஏ அந்தக் குளிரில் மாதக்கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆகவே உங்கள் பிசிஆர் பாசிட்டிவ், பிணங்களைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம்.

ஆனால் உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கல்ச்சர் நெகட்டிவ்வும் ஏமாற்றும். குளிரில் அடிபட்ட கிருமி சாகாமல் சோர்ந்து கிடக்கும். எடுத்த எடுப்பில் டிசிபிஎஸ் போன்ற கடுமையான மீடியாவில் போட்டால் எழுந்திருக்காது. உயிரோடு இருந்தும் பிளேட்டில் வளராத இந்த நிலையை அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழு 1982-லேயே காலராக் கிருமியில் விவரித்தது. அதனால்தான் உறைந்த சரக்குக்கு முதல் ஊட்ட வளர்ப்பை 37 டிகிரியிலும், உறைய வைக்காத பச்சை சரக்குக்கு 41.5 டிகிரியிலும் செய்யச் சொல்கிறது விப்ரியோ சோதனைக்கான சர்வதேச ஐஎஸ்ஓ 21872 முறை. கல்ச்சர் செய்த லேப்புக்குப் போன் போட்டு இதை மட்டும் கேளுங்கள்: ‘எங்கள் சாம்பிளை முதலில் எத்தனை டிகிரியில் வைத்தீர்கள்?’ ‘எல்லாவற்றுக்கும் 41.5தான்’ என்று பதில் வந்தால், அந்த ‘இல்லை’யை நான் முழுசாக நம்ப மாட்டேன்.

அடுத்து பிசிஆர் லேப்பிடம் கேட்க வேண்டியது. எந்த மரபணுவைத் தேடினார்கள்? ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று ஒரே வார்த்தை போட்டிருந்தால் அது போதாது. டிஎல்எச் அல்லது டாக்ஸ்ஆர் என்ற மரபணு கிடைத்தது என்றால், இது பாராஹீமோலிட்டிக்கஸ் இனம் என்று மட்டுமே அர்த்தம். மனிதனை நோயில் தள்ளும் வகையா என்று பார்க்க டிடிஎச், டிஆர்எச் என்ற இரண்டு நச்சு மரபணுக்களைத் தேட வேண்டும். கடலிலும் இறாலிலும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டும் கிடையாது. நோயாளிகளிடமிருந்து எடுப்பவற்றில் பெரும்பாலும் இருக்கும். இரண்டும் இல்லாத கிருமி அபூர்வமாக நோய் தந்திருக்கிறது என்பதால், ‘டிடிஎச் இல்லை, ஆகவே பயமே இல்லை’ என்றும் எழுதிக் கொடுக்க முடியாது. இருந்தாலும், டிஎல்எச் மட்டும் பாசிட்டிவ் என்பதற்கும் டிடிஎச் பாசிட்டிவ் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் கிருமி முதன்முதலில் அகப்பட்டதே ஒரு சோகத்தில்தான். 1950-ல் ஜப்பானின் ஒசாகாவில், ஷிராசு என்ற பாதி உலர்த்திய பொடி மீனைச் சாப்பிட்ட 272 பேர் நோயில் விழுந்தார்கள், 20 பேர் இறந்தார்கள். நம் ஊர் நெத்திலிக் கருவாடு மாதிரி அன்றாடம் சோற்றோடு வைத்துக்கொள்ளும் பண்டம் அது. அதிலிருந்து ஃபுஜினோ என்ற ஆய்வாளர் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பிறகு 1996-ல் கொல்கத்தா மருத்துவமனை நோயாளிகளிடம் ஓ3:கே6 என்ற வகை திடீரென்று பெருகியது தெரியவந்தது. டிடிஎச் மரபணுவோடு அது பல கண்டங்களுக்குப் பரவியது. ஒரே இனத்துக்குள் எந்த வகை என்று பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. காலராவிலும் இதே கதைதான். கழிமுகத் தண்ணீரில் விப்ரியோ காலரே சகஜமாகக் கிடைக்கும்; அதில் பெரும்பாலானவை காலரா தராது. நச்சு மரபணுவான சிடிஎக்ஸ் இருக்கிறதா என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அதுவரை ஓ1 என்ற வகை மட்டுமே பெரிய காலராப் பரவலைத் தரும் என்று நினைத்திருந்தவர்களை 1992-ல் நம் சென்னையில் கிளம்பிய ஓ139 வகை ஆட்டிவைத்தது. கடலுணவில் இந்த விப்ரியோக்களைப் பிசிஆரால் தேடும் வேலையை 1990-களிலேயே மங்களூரு மீன்வளக் கல்லூரியில் கருணாசாகர் தம்பதியினர் செய்து காட்டினார்கள். நமக்கு இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய வித்தை அல்ல.

இப்போது பண்ணைக்காரரின் சர்டிபிகேட். அதை வாங்கி என்ன மரபணு என்று பாருங்கள். பிர்ஏ, பிர்பி என்று இருக்கும் என்பது என் ஊகம். அது இறாலின் கல்லீரல் கணையத்தை அழித்து, குளத்தில் விட்ட சில வாரங்களிலேயே குஞ்சுகளைக் கொல்லும் நோய்க்கான சோதனை. அதற்கு முக்கியக் காரணமும் பாராஹீமோலிட்டிக்கஸ்தான், ஆனால் பிளாஸ்மிட் என்ற ஒரு தனி டிஎன்ஏ வளையத்தைச் சுமக்கும் வகை. இறாலைக் கொல்லும் நச்சு வேறு, மனிதன் வயிற்றைக் கெடுக்கும் நச்சு வேறு. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கேள்விக்கான பதிலை உங்கள் கேள்விக்குக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

‘இரண்டு மணி நேரத்தில் ரிசல்ட்’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். 25 கிராம் இறாலை 225 மில்லி திரவத்தில் கலக்குகிறீர்கள். உதாரணத்துக்கு, குடலைக் கெடுக்கும் இன்னொரு கிருமியான சால்மொனெல்லாவை எடுத்துக்கொள்வோம்; 25 கிராமில் அது ஒரே ஒன்று இருந்தாலும் லாட் ரிஜெக்ட் என்பதுதான் விதி. இப்போது அந்த ஒரு கிருமி 250 மில்லியில் எங்கோ மிதக்கிறது. நீங்கள் ஒரு மில்லி எடுத்து டிஎன்ஏ பிரிக்கிறீர்கள். கிருமி அந்த மில்லியில் அகப்பட 250-ல் ஒரு வாய்ப்பு. பிரித்த டிஎன்ஏ 100 மைக்ரோலிட்டர், மெஷினுக்குள் போவது அதில் 5. அதாவது இருபதில் ஒன்று. மொத்தத்தில் ஐயாயிரத்தில் ஒரு வாய்ப்பு. உலகத்திலேயே நல்ல மெஷினாக இருந்தாலும், தன் குழாய்க்குள் வராததை அது பார்க்காது. ஆகவே ஊட்ட வளர்ப்பு இல்லாமல் தப்பிக்க வழியில்லை. ராத்திரி முழுக்க, பதினெட்டு மணி நேரம், பெப்டோன் தண்ணீரில் வளர விட்டு அந்த ஒன்றை லட்சக்கணக்கில் ஆக்கிய பிறகுதான் பிசிஆர் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது மெஷினுக்குள் ஆகும் நேரம். உங்கள் கைக்கு ரிசல்ட் வருவது மறுநாள். கல்ச்சரில் ஐந்து நாள் ஆகும் இடத்தில் மறுநாள் என்பதே பெரிய வரம்தான். கண்டெய்னருக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் உங்களுக்கு அதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விற்பவர் சொன்னது அது அல்ல.

கல்ச்சர் இனி வேண்டாம் என்பதும் சரியில்லை. நான் கடைப்பிடிப்பது இது: ஊட்ட வளர்ப்புக்குப் பிறகு செய்த பிசிஆர் நெகட்டிவ், சோதனை ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் கன்ட்ரோல்கள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன என்றால், அதை ஏற்றுக்கொண்டு லாட்டை நகர்த்தலாம். பாசிட்டிவ் என்றால் அது சந்தேகம் மட்டுமே. அதே வளர்ப்புத் திரவத்திலிருந்து பிளேட்டில் கீறி, காலனியைக் கையில் பிடித்துக் காட்ட வேண்டும். சரக்கை வாங்கும் பையரோடு தகராறு வந்தால் காலனிதான் சாட்சி.

கன்ட்ரோல் என்று சொன்னேனே, அதில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். சிப்பியின் கிளைக்கோஜன், மீனின் கொழுப்பு, இறாலின் புரதம் எல்லாம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து என்சைமின் கையைக் கட்டிப்போடும். அப்போது கிருமி இருந்தாலும் நெகட்டிவ் என்றே வரும். ஒவ்வொரு குழாயிலும் தெரிந்த ஒரு டிஎன்ஏவை உள் கன்ட்ரோலாகப் போட்டு, அது பெருகியிருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். உள் கன்ட்ரோல் வராத நெகட்டிவ், நெகட்டிவ்வே அல்ல.

மெஷின் வாங்குவதைப் பற்றி நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன லேப்பில், மாஸ்டர் மிக்ஸ் என்ற பிசிஆர் கலவையைக் கலப்பதும், பெருகி முடிந்த குழாய்களைத் திறந்து டிஎன்ஏவைப் பார்க்க ஜெல்லில் ஓட்டுவதும் ஒரே மேஜையில்தான் நடந்தது. ஒரு நாள் வெறும் தண்ணீர் வைத்த குழாயிலும் டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பேண்ட் வந்தது. மறுநாளும் வந்தது. திறந்த குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கிளம்பிய துளியில் கோடிக்கணக்கான நகல்கள் இருக்கின்றன. பிப்பெட், கோட், கதவுப் பிடி என்று எல்லா இடத்திலும் படிந்துவிட்டது. இரண்டு வாரம் நாங்கள் செய்தது பிளீச் போட்டுத் துடைத்தது மட்டும்தான். அதற்கு முன் பாசிட்டிவ் என்று அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் எத்தனை உண்மை என்று இன்று வரை எனக்கு உறுத்தல் இருக்கிறது. எவருடைய சரக்கோ அதனால் தங்கியிருக்கும். ஆகவே மெஷினுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், இரண்டு தனி அறை இருக்கிறதா, ஒரு அறையிலிருந்து மறு அறைக்கு ஒரே திசையில் மட்டும் நடக்கும் ஒழுங்கு இருக்கிறதா என்று கேளுங்கள். குழாயைத் திறக்கவே தேவையில்லாத ரியல்டைம் பிசிஆரில் இந்தத் தொல்லை குறைவு.

பிளான்ட்டுக்குள்ளேயே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், டிஎன்ஏவைப் பெருக்கும் இன்னொரு வழியான ‘லேம்ப்’ முறையைப் பாருங்கள். ஜப்பானில் நோட்டோமி குழுவினர் 2000-ல் வெளியிட்டது. சூட்டை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நான்கு முதல் ஆறு பிரைமர்கள் சேர்ந்து வேலை செய்வதால் குறி தவறுவது குறைவு, இறால் அழுக்குக்கும் அவ்வளவாக மசியாது. பாசிட்டிவ் குழாய் கண்ணுக்கே கலங்கலாகத் தெரியும். ஆனால் அந்தக் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது, நான் சொன்ன கதி இரண்டு மடங்காக வரும்.

இந்த வேகமான சோதனைகளை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் எனக்கும் பல முதலாளிகளுக்கும் கருத்து வேறுபாடு. அவர்கள் எல்லாச் சோதனையையும் கோல்ட் ஸ்டோரேஜ் வாசலில், கடைசிப் பெட்டியில் செய்ய விரும்புகிறார்கள். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன் சரக்கைச் சில மாதம் நிறுத்திவைத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்புதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு லாட்டில் நூற்றில் ஒரு பாக்கெட்டில் கிருமி இருக்கிறது, நீங்கள் ஐந்து பாக்கெட் எடுக்கிறீர்கள் என்றால், அது உங்கள் கையில் சிக்க நூற்றுக்கு ஐந்துதான் வாய்ப்பு. மீதி 95 முறை நல்ல ரிப்போர்ட்டோடு கெட்ட சரக்கு கப்பலேறும். பிசிஆர் இதை மாற்றாது. அந்த வேகத்தை ஆரம்பத்தில் செலவழியுங்கள்: பண்ணையிலிருந்து வரும் சரக்கில், ஐஸில், பிளான்ட் தண்ணீரில், டேபிளிலும் கத்தியிலும் துடைத்து எடுக்கும் ஸ்வாப்பில். அங்கே மறுநாளே தெரிந்தால் திருத்த நேரம் இருக்கிறது. ஐந்து நாள் கழித்துத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் எத்தனையோ லாட்டைத் தொட்டிருக்கும்.

அப்புறம் ஒன்று. உங்கள் பிளான்ட்டில் சூரையோ அயிலையோ ஓடுகிறது என்றால், டிஎன்ஏ சோதனை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளைக் காட்டாது. கிருமி செத்தாலும் அது உண்டாக்கிய ஹிஸ்டமின் மீனில் இருக்கும், சமைத்தாலும் போகாது. அதற்குத் தனிச் சோதனைதான்.

சரி, கையில் இருக்கும் லாட்டுக்கு என்ன செய்வது? நிறுத்தி வையுங்கள். புதிதாக ஐந்து பாக்கெட் எடுத்து, டிஎல்எச், டிடிஎச், டிஆர்எச் மூன்றையும் ரியல்டைமில் பார்க்கச் சொல்லி, ஒரே சாம்பிளில் இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள்: ஊட்ட வளர்ப்பு தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று. சிடி எண் என்பது எத்தனையாவது சுற்றில் டிஎன்ஏ மெஷினின் கண்ணில் பட்டது என்பது; அது ஒன்று குறைந்தால் டிஎன்ஏ இரண்டு மடங்கு என்று அர்த்தம். முதலில் 34 வந்து வளர்ப்புக்குப் பிறகு 19 ஆனால், பதினைந்து முறை இரட்டித்திருக்கிறது, முப்பதாயிரம் மடங்குக்கு மேல். அது உயிரோடு இருக்கிறது. 34 அப்படியே நின்றால், அல்லது 35, 36 என்று ஏறினால், பெயர்ப்பலகை மட்டும்தான் மிச்சம். அதே திரவத்தை டிசிபிஎஸ்ஸிலும் கீறி வைக்கச் சொல்லுங்கள். உயிரோடும் டிடிஎச் அல்லது டிஆர்எச்சோடும் இருந்தால் அந்த லாட் பச்சையாகப் போகவே கூடாது. அதை வேக வைத்த சரக்காக மாற்ற முடியுமா என்பதை உங்கள் அங்கீகாரத்தையும் பையரையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நன்றாக வேக வைத்தால் இந்தக் கிருமி நிற்காது.

மெஷினை இப்போது வாங்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை லாரி சரக்கின் சூட்டைத் தானாகப் பதியும் கருவிகளுக்கும் கூடுதல் ஐஸுக்கும் போடட்டும். ஆறு மாதம், லேப்களுக்குத் தர அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள லேப்புக்கு ஐஸ், தண்ணீர், ஸ்வாப் சாம்பிள்களை அனுப்பிப் பழகுங்கள், எங்கே எது வருகிறது என்று பிடிபடும். அதன்பிறகு லேம்ப் வாங்கலாமா என்று பேசுவோம். இந்த லாட்டின் ரிசல்ட் வந்ததும் அந்தச் சிடி எண்களோடு, சரக்கு வந்த அன்றைய ஐஸ் பதிவேட்டையும் எனக்கு அனுப்புங்கள். பீலிங் ஹாலுக்கும் நீங்களே ஒரு நடை போய், இது அவர்கள் கையால் வந்தது அல்ல என்று சூப்பர்வைசர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.